பாண்டியிலிருந்து ஒருநாள் டூர்: இடத்தை யார் முடிவு செய்ய வேண்டும்?

1.
வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் என் போனுக்கு ஒரே மாதிரி மெசேஜ் வரும். "டாக்டர், ஃபேமிலியோட பாண்டி வந்திருக்கோம். டவுன்ல ஒரே கூட்டம். பக்கத்துல ஒரே நாள்ல எதெல்லாம் பாத்துட்டு வரலாம்?"

காய்ச்சலைப் பற்றிக் கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அலுத்துப் போச்சு. மொத்தமா ஓர் இழையாக எழுதிடறேன். நீளம்தான். நாளைக்குக் கிளம்புறவங்க இன்னிக்கே படிச்சிடுங்க.

2.
பாண்டி ஒரு வகையில் தீவுதான். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. கடலூர் ரோட்டிலோ விழுப்புரம் ரோட்டிலோ போனால் புதுச்சேரி எல்லை முடியும், தமிழ்நாடு வரும், மறுபடி புதுச்சேரி வரும். பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் பிடித்த நிலம், 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அதே துண்டுகளாகவே இருக்கு.

சனி, ஞாயிறு வந்தால் இந்தச் சின்ன ஊரில் பெங்களூரும் சென்னையும் வந்து இறங்கிடும். அன்றைக்கு ஊரை விட்டு வெளியே போகணும்னு வந்தவர்களுக்கும் தோணும், உள்ளூர்க்காரங்க எங்களுக்கும் தோணும். ஆக கேள்வி நியாயமான கேள்விதான்.

3.
ஆனால் அதற்கு எல்லாரும் தரும் பதிலில்தான் எனக்குப் பிரச்சினை.

"காலைல 5 மணிக்குக் கிளம்பினா செஞ்சி. அங்கிருந்து திருவண்ணாமலை. வர்ற வழியில மண்டகப்பட்டு, முடிஞ்சா திருவக்கரை. ராத்திரி 9 மணிக்குள்ள வந்துடலாம்."

கணக்குப் போட்டுப் பாருங்க. பாண்டியிலிருந்து செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து திருவண்ணாமலை இன்னொரு 40. திரும்பி வர 100-க்கு மேல். சுற்று வழியையும் சேர்த்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கணும். செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. நாம அதை ஒன்றரை மணி நேரத்தில் முடிச்சிட்டு அடுத்த ஊருக்கு ஓடுறோம்.

4.
கிண்டல் பண்ற தகுதி எனக்குக் கிடையாது. சில வருஷம் முன்னாடி இதே திட்டத்தைப் போட்டவன் நான்தான்.

அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. ஒரு வண்டி, ஏழு பேர். அம்மாவுக்கு அப்போ 68 வயசு. சர்க்கரை, பிரஷர், ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். மே மாசம் இல்லை, மார்ச்தான். "வெயில் ஒண்ணும் பெரிசா இருக்காது"ன்னு சொன்னவனும் நான்தான்.

செஞ்சி அடிவாரத்தில் அம்மா சொன்னாங்க: "நீங்க ஏறிட்டு வாங்கப்பா. நான் இந்த நிழல்ல உக்காந்திருக்கேன்." ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துட்டுப் போனோம்.

5.
அன்றைக்கு மூணு ஊர் பார்த்தோம். நூற்றுக்கணக்கில் போட்டோ. ராத்திரி 10 மணிக்கு வீட்டு வாசலில் அம்மா வண்டியை விட்டு இறங்கும்போது மடியிலிருந்து அந்தப் பாட்டில் உருண்டது. குனிஞ்சு எடுத்தேன்.

மூடி கூடத் திறக்கலை.

விடியற்காலை மூணு மணிக்கு உடம்பு தூக்கிப் போடுற மாதிரி குளிர், காய்ச்சல். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ், ஊசி. ஏற்கெனவே இருந்த தொற்றாகவும் இருக்கலாம், ஒரே நாளில் வந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை உள்ள ஒருத்தர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காம, சிறுநீரை அடக்கிக்கிட்டு வெயிலில் இருந்தது அதை முற்றவைத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

6.
வார்டில் ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்கும்போது கேட்டேன்: "ஏம்மா தண்ணி குடிக்கல? சொல்லியிருந்தா வண்டிய நிறுத்தியிருப்போம்ல?"

"நிறுத்துவ. எங்க நிறுத்துவ?"

அவ்வளவுதான் சொன்னாங்க.

தினமும் நூறு பேரிடம் "நிறைய தண்ணி குடிங்க"ன்னு சொல்ற டாக்டர் நான். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஏன் குடிக்கலைன்னு பதினேழு மணி நேரம் எனக்குத் தோணவே இல்லை.

7.
இதை எழுதும்போது இதைப் படிக்கிற பெண்கள் தலையாட்டுவீங்கன்னு தெரியும். கல்யாணம், காட்சி, கோயில், டூர் எதுவா இருந்தாலும் வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முந்தின நாளே தண்ணீரைக் குறைச்சிக்கிறது நம்ம வீட்டுப் பெண்களுக்குப் பழக்கம். ஆண்களுக்கு இது தெரியவே தெரியாது. நமக்கு ரோட்டோரம் முழுக்க மறைவிடம்தான்.

கிளினிக்கில் திங்கள், செவ்வாய்க்கிழமை நீர்க்கடுப்போடு வருகிற பெண்களிடம் "சனி, ஞாயிறு வெளியூர் போனீங்களா?" என்று கேட்கப் பழகிவிட்டேன். பெரும்பாலும் "ஆமா சார்" என்றுதான் பதில்.

8.
அதனால் என் கருத்தை நேரடியாகச் சொல்லிடறேன்.

ஒருநாள் டூருக்கு இடத்தை முடிவு செய்யும் உரிமை, வண்டி ஓட்டுறவருக்கும் கிடையாது, செலவு பண்றவருக்கும் கிடையாது. அந்த வண்டியில் யாருக்கு ரொம்ப முடியாதோ அவருக்குத்தான். பாட்டியாக இருக்கலாம், கர்ப்பிணியாக இருக்கலாம், மூணு வயசுக் குழந்தையாக இருக்கலாம். அவங்களால் சந்தோஷமா இருக்க முடிகிற இடம் எதுவோ, அதுதான் அன்றைய இடம்.

அப்புறம், ஒரு நாளுக்கு ஓர் இடம். விடியற்காலை கிளம்பி, 11 மணிக்குள் பார்த்து முடிச்சு, மதியச் சாப்பாட்டுக்கு நிழலுக்கு வந்துடணும்.

9.
"அப்போ வயசானவங்கள வீட்டிலேயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"ன்னு கேட்பீங்க. இல்லவே இல்லை. வீட்டில் விட்டுட்டுப் போறதும், கூட்டிட்டுப் போய் அடிவாரத்தில் உட்கார வைக்கிறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டாவதில் வெயில் மட்டும் கூடுதல்.

இளசுகள் மலை ஏறணுமா? தாராளமா ஏறுங்க. வேற ஒரு நாள், நீங்க மட்டும் போங்க. எல்லாரும் சேர்ந்து போகிற நாளில் எல்லாருக்கும் பொருந்துகிற இடம். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

10.
எந்த இடமாக இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று: பெண்கள் போகிற மாதிரி கழிப்பறை எங்கே இருக்கு? அந்த இடத்தில் இல்லைன்னா, போகிற வழியில் எந்த ஓட்டலில், எந்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தப் போறோம்?
ரெண்டு: 12 மணிக்கு எங்கே உட்காருவோம்? கூரையா, மரமா, வண்டிக்குள்ளேயா?
மூணு: மாத்திரை போடுறவர் எத்தனை மணிக்கு, எங்கே சாப்பிடுவார்?

மூணுக்கும் பதில் இருந்தால் கிளம்புங்க. "போற வழியில பாத்துக்கலாம்" என்பது பதில் இல்லை. எங்க வீட்டிலும் அதைத்தான் சொன்னோம்.

11.
இனி இடங்கள். பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அரிக்கமேடு. டவுனிலிருந்து 4 கிலோமீட்டர்தான், அரியாங்குப்பம் காக்காயன்தோப்பு பக்கம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரியோடு வணிகம் நடந்த ஊர். 1945-ல் மார்டிமர் வீலர் இங்கே தோண்டினார். ரோமானிய மது ஜாடி, இத்தாலிய மண்பாண்டம், மணிகள் எல்லாம் கிடைச்சது.

நேரா அங்கே போனால் "இங்க என்ன இருக்கு?"ன்னு ஏமாந்து போவீங்க. பழைய குருமடத்தின் இடிந்த செங்கல் சுவர், தோப்பு, ஆறு, அவ்வளவுதான். அதனால் முதலில் பாரதி பூங்கா பக்கத்து மியூசியத்தில் அந்தப் பொருட்களைப் பாருங்க. இல்லைன்னா காலையில் தோப்பு, அப்புறம் மியூசியம். நடை குறைவு. நிழல் உண்டு. வீடு பக்கம். தாத்தா பாட்டிக்கு என் முதல் ஓட்டு இதுக்குத்தான்.

12.
ஊசுட்டேரி. விழுப்புரம் ரோட்டுப் பக்கம் சுமார் 10 கிலோமீட்டர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வலசைப் பறவைகள் வரும். காலை 6 மணிக்கு கரையில் நின்றால் போதும், நடக்கவே வேண்டாம். 9 மணிக்கு வீட்டில் இட்லி.

இன்னும் கொஞ்சம் தூரம் போக முடியும்னா மரக்காணம் பக்கம் கழுவெளி. 2021 டிசம்பரில்தான் பறவைகள் சரணாலயமாக அறிவிச்சாங்க. பரந்த வெளி, ஒதுங்க நிழல் கிடைக்காது. அதனால் குளிர்காலக் காலை மட்டும். வெயில் ஏறினதும் கிளம்பிடுங்க.

13.
குழந்தைகள் இருந்தால் திருவக்கரை. பாண்டியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்குது. பட்டை, வளையம் எல்லாம் மரம் மாதிரியே இருக்கும், தட்டினால் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிற இடம், ஒரு துண்டு கூட எடுத்துட்டு வரக் கூடாது. இதைக் குழந்தைகளுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயில். பௌர்ணமி அன்றைக்குக் கூட்டம் நெரியும். பாட்டியும் பேரனும் சேர்ந்து போறதா இருந்தால் பௌர்ணமியைத் தவிர்த்துடுங்க.

14.
ஆரோவில். எல்லாரும் போகிற இடம், ஆனால் பலருக்கும் தெரியாத ரெண்டு விஷயம். மாத்ரி மந்திர் உள்ளே போக முன்பதிவு வேணும், அன்றைக்கே போய்க் கேட்டால் கிடைக்காது. வெளியிலிருந்து பார்க்கிற இடத்துக்கும் பார்வையாளர் மையத்திலிருந்து சுமார் 1 கிலோமீட்டர் நடக்கணும். பாதையில் மரநிழல் இருக்கு. ஆனாலும் முழங்கால் வலி உள்ளவருக்கு 1 கிலோமீட்டர் என்பது 1 கிலோமீட்டர்தான். வண்டி வசதி உண்டான்னு உள்ளே நுழையும்போதே கேட்டுக்குங்க. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

15.
வடலூர். சுமார் 60 கிலோமீட்டர். வள்ளலார் 1867-ல் ஏத்தின தருமசாலை அடுப்பு இன்னிக்கும் எரியுது. யார் போனாலும் சாப்பாடு. சத்திய ஞான சபை இருக்கிறது சமதளம், படி ஏறி மூச்சு வாங்க வேண்டாம். பத்தாவது கேள்வியில் "எங்கே சாப்பிடுவார்?"னு கேட்டேன் இல்லையா, அதுக்கு இங்கே நூற்றைம்பது வருஷமா பதில் இருக்கு. தைப்பூசம் தவிர்த்து சாதாரண நாளில் போங்க.

16.
பிச்சாவரம். எம்.ஜி.ஆரின் இதயக்கனி (1975) பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. சுமார் 75 கிலோமீட்டர். அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய் கால்வாயாகப் படகில் போறது அருமையான அனுபவம். 2004 சுனாமியில் இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாத்தினது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. அங்கே தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சல், தற்காலிகமா பார்வை கூடப் போகும். படகில் போகும்போது கிளையை ஒடிக்காதீங்க. பட்டுட்டால் நல்ல தண்ணீரால் பதினைந்து, இருபது நிமிஷம் விடாம கழுவிட்டு கண் டாக்டரிடம் போங்க. படகில் ஏறுறதுக்கு முன்னாடி கழிப்பறை. லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

17.
பிச்சாவரத்தோடு சிதம்பரம் கோயிலையும் சேர்த்துப் போடுறது வழக்கம். நான் ஓர் இடம்னு சொன்னாலும் நீங்க சேர்த்துத்தான் போடுவீங்க, தெரியும். அப்படின்னா கோயில் முதலில், காலையிலேயே. மதியம் நடை சாத்திடுவாங்க. அதைவிட முக்கியமான காரணம் பிராகாரத்துக் கல்.

சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கிறவங்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். மதிய வெயிலில் கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு நடப்பாங்க, சுடுறதே தெரியாது. ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அது புண்ணாகி, ஆறாமல், விரலை எடுக்கிற அளவுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கேன். கோயிலுக்குப் போறதைத் தடுக்கலை. காலையிலோ மாலையிலோ போங்க. காலில் கனமான சாக்ஸ் போட அனுமதி இருந்தால் போட்டுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் வேற ஒருத்தர் அந்தப் பாதத்தைப் பார்க்கணும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு போறவங்களுக்கும் இதேதான்.

18.
செஞ்சி. நான் தப்புப் பண்ணின இடத்தைப் பற்றி நானே சொல்லணும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருக்கிறது இது ஒண்ணுதான். இனிமேல் கூட்டம் கூடும். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, முழங்கால் வலி உள்ளவங்க ஏறக் கூடாது. "பாதி தூரம் மட்டும்" என்பதும் வேண்டாம், ஏறினதை இறங்கவும் வேணும்.

ஆனால் செஞ்சின்னா உச்சி மட்டும்தான்னு யார் சொன்னது? கீழேயே கல்யாண மகால், களஞ்சியம், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் இருக்கு. அம்மாவை அடிவாரத்தில் உட்கார வைக்காமல், நாங்க எல்லாரும் அம்மாவோட கீழேயே மெதுவா சுத்தியிருந்தால் ஒரு நாள் போதாது. அப்போ அது தோணலை.

19.
அதே ஊர்ப் பக்கம் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம இந்தக் கோயிலைச் செஞ்சேன்னு மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டிலேயே சொல்லியிருக்கிற குடைவரை. சின்ன இடம். அரை மணி நேரம் போதும். செஞ்சி உச்சிக்குப் போகாத நாளில், போகிற வழியில் இதை நிதானமா பாருங்க. தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு எடுத்துட்டுப் போறது நல்லது.

20.
இனி இளசுகளுக்கு. கடல்.

பாண்டி பீச்சில் பாறையா இருக்கேன்னு கேட்பீங்க. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டின பிறகு வடக்குப் பக்கம் மணல் வந்து சேர்றது நின்னு போச்சு. கரையைக் காப்பாத்தத்தான் பாறை கொட்டினாங்க. 2018-ல் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. வடக்கே மீனவ ஊர்களிலும் கல் தடுப்புகள் உண்டு.

இந்தத் தடுப்புகளின் ஓரத்தில் கடலுக்குள் இழுக்கிற நீரோட்டம் உண்டாகலாம். அலை குறைவா, அமைதியா தெரியற இடம்தான் பல நேரம் இழுக்கிற இடம். இடுப்பளவு தண்ணீரில் நின்ன நல்ல நீச்சல்காரனையும் கொண்டு போயிடும்.

21.
இழுத்துட்டா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க, களைச்சுப் போயிடுவீங்க. கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைஞ்ச பிறகு கரைக்குத் திரும்புங்க. நீந்த முடியலைன்னா மிதந்துகிட்டே கையைத் தூக்கிக் கூப்பிடுங்க. காப்பாத்தறேன்னு நாலு பேர் கைகோத்து இறங்காதீங்க. கயிறு, காலி கேன், டியூப் எது கிடைக்குதோ அதை வீசுங்க. மீனவர்களைக் கூப்பிடுங்க.

வெளியே தூக்கினவர் மூச்சு விடலைன்னா வயிற்றை அமுக்காதீங்க, தலைகீழாகப் பிடிச்சுச் சுத்தாதீங்க. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்க. அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, திரும்பத் திரும்ப. இன்னொருத்தர் 108-ஐ கூப்பிடட்டும்.

22.
பாண்டின்னா சரக்கு. அதை மறைச்சு எழுத முடியாது. குடிக்காதீங்கன்னு சொன்னா இந்த இழையை இங்கேயே மூடிட்டுப் போயிடுவீங்க. அதனால் குறைஞ்சபட்சம் இதையாவது கேளுங்க. குடிச்சிட்டு கடலில் இறங்காதீங்க. குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க. வாடகை ஸ்கூட்டர் எடுத்தால், பின்னால் உட்கார்றவருக்கும் ஹெல்மெட் கேட்டு வாங்குங்க.

பீர் வெயிலுக்கு இதமா இருக்கும்னு நினைப்பு. மது சிறுநீரை அதிகமாக்கி உடம்பில் இருக்கிற தண்ணீரையும் வெளியேத்தும். ஞாயிறு ராத்திரி கேஷுவாலிட்டி டூட்டி பார்த்த எந்த டாக்டரிடமும் கேட்டுப் பாருங்க, இந்த நாலு வரியில் எது பொய்யின்னு சொல்லட்டும்.

23.
மாத்திரை விஷயம். ரொம்ப முக்கியம்.

காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுட்டு "சாமி கும்பிட்டு வந்து சாப்பிடறேன்" என்பவங்களுக்குச் சர்க்கரை திடீர்னு இறங்கிடும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் வந்தால் உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையோ அரை டம்ளர் ஜூஸோ கொடுங்க. மயங்கினவர் வாயில் எதையும் ஊத்தாதீங்க.

இதய நோய்க்கு, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை போடுறவங்க, டூர் அன்றைக்கு அதை யாருக்கும் சொல்லாம விட்டுடுவாங்க. காரணம் மறுபடி அதே கழிப்பறைதான். ராத்திரி மூச்சுத் திணறலோடு வருவாங்க. நேரத்தை மாத்திப் போடலாமான்னு உங்க டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பூட்டின காரில் இன்சுலினை வைக்காதீங்க. குழந்தையை ஒரு நிமிஷம் கூட விடாதீங்க.

24.
பையில் எடுத்துப் போக வேண்டியவை: ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இல்லைன்னா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தொப்பி, குடை, ஈரத்துண்டு. அன்றாட மாத்திரை ஒரு வேளை கூடுதலா. மாத்திரைச் சீட்டின் போட்டோ போனில்.

வெயிலில் இருந்தவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பா கொதிச்சால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டு போங்க, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊத்தி விசிறுங்க, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைங்க, 108-ஐ கூப்பிடுங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் குளிர வைக்கிறதை நிறுத்தாதீங்க.

25.
அரசாங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரி, தமிழ்நாடு ரெண்டுக்கும்தான்.

ஊர் பேரைப் பெரிய எழுத்தில் வெச்சு போட்டோ எடுக்கிற இடம் எல்லா ஊரிலும் வந்துடுச்சு. நல்லா இருக்கு. அதுக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் போட முடிகிற, தண்ணீர் வருகிற ஒரு பெண்கள் கழிப்பறை, ஒரு நிழல், ஒரு குடிநீர்க் குழாய். சுற்றுலா வளர்ச்சின்னு நான் முதலில் எண்ணுவது இதைத்தான். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை கணக்கில் ஒண்ணு, எங்க அம்மாவுக்குப் பூஜ்யம்.

26.
கடைசியா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் முதல் தடவையா கேட்டேன்: "எங்கம்மா போகலாம்?"

"பீச்சுக்கு."

வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். சாயந்திரம் ஆனால் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டாங்க. காந்தி சிலையைச் சுத்தி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கும், பார்த்திருப்பீங்க. அதெல்லாம் பிரெஞ்சுக்காரங்க செஞ்சியிலிருந்து கொண்டு வந்ததுன்னு அம்மாவிடம் சொன்னேன்.

போய் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தாங்க. "செஞ்சி இங்கயே இருக்கு. இதுக்காடா அன்னிக்கு என்ன அவ்ளோ தூரம் இழுத்துட்டுப் போன?"

அன்றைக்குக் கையில் இருந்த பாட்டில் காலி ஆச்சு. வீடு பக்கத்தில்தானே.

27.
நாளைக்குக் கிளம்புறவங்க இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் யாருக்கு ரொம்ப முடியாதோ அவங்க பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க போகலாம்?"னு கேளுங்க. "எங்க வேணா போங்க, நான் வரேன்"னு சொல்வாங்க. நம்பாதீங்க. ரெண்டாவது தடவை கேளுங்க.

நல்லபடியா போய்ட்டு வாங்க. சாயந்திரம் பாட்டிலைப் பாருங்க.